எழுதாமல் விட்ட இரண்டு வரி

அன்பு மகளுக்கு,

நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது, பதில் இப்போதுதான், கோபித்துக்கொள்ளாதே. அப்பா ஒழுகுகிற குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று இறங்கி இப்போது இரண்டு குழாய் ஒழுகுகிறது. தம்பி உன் மேசையைப் பிடித்துக்கொண்டான், கேட்டால் அவ வரும்போது காலி பண்றேன் போம்மா என்கிறான். போனில் ஏம்மா மரக்கட்டை மாதிரி பேசறே என்று கேட்டாயே, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றதிலிருந்து என் பேச்சில் பாதி உன்னோடுதான்.

எங்கள் குழந்தைகள் நல அலுவலகத்துக்கு இரண்டு குழந்தைகள் வந்தார்கள், அக்காவுக்கு ஏழு, தம்பிக்கு மூன்று. அம்மா ஆஸ்பத்திரியில், தேற மாதக் கணக்காகும், அப்பா எங்கே என்று யாருக்கும் தெரியாது. தம்பியை அவள் அதட்டுகிற அதட்டலைப் பார்த்து எல்லோரும் அவளை மேனேஜர் என்று கூப்பிட ஆரம்பித்தோம். அம்மா தேறும்வரை பிள்ளைகளை வைத்துக்கொள்ள வீடு தேடும்போது முதலில் சொந்தக்காரர்களைத்தான் கேட்போம். அவர்கள் சித்தி வாசலிலேயே நின்று எனக்கே மூணு இருக்கு மேடம், எங்க படுக்க வைப்பேன் என்று அழுதாள், பொய்யில்லை, எட்டிப் பார்த்தேன், இடமில்லை. பிறகு எங்களிடம் பதிந்துவைத்திருக்கும் குடும்பங்கள், அதில் அவள் பள்ளிக்கூடத்துக்கு அருகில் இருப்பவர்கள், அதிலும் இரண்டு பேரையும் சேர்த்து வைத்துக்கொள்பவர்கள் என்று கழித்துக்கொண்டே வந்தால் நான்கு வீடுதான் மிஞ்சியது. குழந்தையைப் பற்றி ஒரு தாள் எழுதி அவர்களுக்கு அனுப்ப வேண்டும், எதைச் சாப்பிடுவாள், எதற்குப் பயப்படுவாள், எப்படித் தூங்குவாள் என்று. அவள் படுக்கையை நனைக்கிறாள். சாப்பாட்டில் பாதியைத் தம்பிக்கென்று தலையணை உறைக்குள் ஒளித்துவைக்கிறாள், எறும்பு மொய்க்கிறது. இரண்டையும் எழுதினேன், மூன்று வீட்டிலும் வேண்டாம் என்றார்கள். நான்காவது தாளில் அந்த இரண்டு வரியையும் விட்டுவிட்டேன். பொய் எழுதவில்லையே, எழுதாமல்தானே விட்டேன் என்று அப்போது நினைத்தேன்.

அது ஒரு பஸ் டிரைவர் வீடு. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே டேப் வைத்து அளந்தேன், மருந்து அலமாரிக்குப் பூட்டு இருக்கிறதா பார்த்தேன், பக்கத்து வீடுகளில் விசாரித்தேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது, இரண்டு பேரையும் அங்கே விட்டேன். ஒன்பதாம் நாள் டிரைவரின் மனைவி குழந்தைகளோடு வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. முன்னாடியே சொல்லியிருந்தா ரப்பர் ஷீட் வாங்கி வச்சிருப்பேனே, வேணும்னே பண்றாள்னு தினம் திட்டிட்டேன், இப்ப என்னைப் பாத்தாலே தம்பியை இழுத்துக்கிட்டு கட்டிலுக்கடியில போயிடறா, இனிமே என்னால அவ மூஞ்சியைப் பாக்க முடியாது என்றார். குழந்தைகளைத் திரும்பப் பெறும் படிவத்தை நிரப்பினேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், துணி மடித்தேன், அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அன்றிலிருந்து அப்படியேதான் இருக்கிறேன்.

மறுநாள் பெரிய மேடத்திடம் நானே போய்ச் சொன்னேன். நீ விட்ட ரெண்டு வரிக்கு அந்தப் பிள்ளை ஒம்பது நாள் திட்டு வாங்கியிருக்கு என்றார், அவ்வளவுதான். ஒரு வாரத்துக்குள் வீடு அமையாவிட்டால் அவளைப் பெண்பிள்ளைகள் விடுதிக்கும் சின்னவனைக் குழந்தைகள் காப்பகத்துக்கும் பிரித்து அனுப்ப வேண்டியதுதான். தூரம் என்று முதலில் ஒதுக்கிய வீடுகளையும் எடுத்தேன், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே ஒரு வெல்டர், மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. தாளை அனுப்பாமல் நானே போய் எதிரில் உட்கார்ந்து முழுதும் படித்தேன், டிரைவர் வீட்டில் நடந்ததையும் சொன்னேன். அந்த அம்மா, தினம் இருநூறு விரிப்பு துவைக்கறேன், இது ஒண்ணு என்னை என்ன பண்ணிடும் என்றார். வெல்டர், எறும்பு வராம மூடி போட்ட டப்பா ஒண்ணு அவ கையிலயே குடுத்துடலாமா மேடம் என்று கேட்டார். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, குடுக்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை கொண்டுபோய் விட்டேன். எத்தனை நாளைக்கு என்று மேனேஜர் என்னைக் கேட்டாள். தெரியாதுடா என்றேன். தலையை ஆட்டிவிட்டு, தம்பியின் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினாள். தன் பையைத் திறக்கவில்லை, அதை முதுகில் மாட்டிக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தாள். அந்த அம்மா கழற்றச் சொல்லவில்லை, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்து அந்தப் பைக்கும் இடம் விட்டார்.

நீ நன்றாக இருக்க வேண்டும், படிப்பு நல்லபடி முடிய வேண்டும், தங்கமே. கடைவாய்ப் பல்லைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. ஞாயிற்றுக்கிழமை போன் செய். நான் பேசாமல் இருந்தாலும் வைத்துவிடாதே, நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டிரு, கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா