தடுப்புக்குப் பொத்தான் இல்லை

மார்ச் 3, செவ்வாய்

தினமும் நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறார் மாலை வகுப்பு டீச்சர். எனக்கு எழுபத்திரண்டு வயது. பல் விழுகிற நேரத்தில் எனக்கு எழுத்து முளைத்திருக்கிறது. கடைப் பலகை, மருந்துச் சீட்டு, பஸ்ஸின் நெற்றி எல்லாம் என்னிடம் பேசுகின்றன.

மகள் செல்போன் பழுது பார்க்கிற கடையில் இருக்கிறாள். இரண்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு விளையாட்டுக் கருவி கொண்டுவந்தாள். உள்ளே எங்கள் பழைய சண்டை ஆட்டம். முன்பு டிவியில் ஒரு பெட்டியை மாட்டி ஆடுவோமே, அதே. அந்தப் பெட்டி உடைந்த நாளில் அதன் நினைவு அட்டையை மட்டும் எடுத்து வைத்திருந்தாளாம். அதையும் இதில் ஏற்றிவிட்டாள்.

இன்று நான்கு பேரைக் கொன்றேன். ஒருவனுக்கு முதுகெலும்பு, ஒருவனுக்குத் தாடை. கசாப்புக்கூடத்தில் நாற்பது வருடம் வெட்டியவன் சொல்கிறேன், அந்தச் சத்தம் பொய். எலும்பு பச்சை விறகு மாதிரி முறியும். கண்ணாடி மாதிரி இல்லை.

இவ்வளவும் எழுத ஒன்றரை மணி நேரம். சந்தோஷமாக இருக்கிறது.

மார்ச் 4

இடது கட்டைவிரல் வலிக்கிறது. ரம்பம் தின்றது போக மிச்சம் இருக்கிற பாதி.

மார்ச் 6, வெள்ளி

மச்சான் வருகிறான். 15ஆம் தேதி. பதினொரு வருடம் கழித்து.

அவன் என் மனைவியின் தம்பி. அப்போதெல்லாம் ஞாயிறு பதினொரு மணிக்கு வருவான். ஐந்து ஆட்டம் ஆடுவோம். அந்தக் கடைசி ஞாயிறு ஆளுக்கு இரண்டு வெற்றி. நான் எப்போதும் அடிக்கிறவன், தடுக்கிற பழக்கம் கிடையாது. ஐந்தாவதில் உயிர் போகப் போகிறது என்றபோதுதான் தடுப்பை அமுக்கினேன். என் ஆள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். மச்சான் அவன் கழுத்தை முறித்தான்.

என் பொத்தானில் ஏதோ செய்துவிட்டாய் என்றேன். அவன் சிரித்தான். "எழுத்துதான் தெரியாதுன்னு பார்த்தா பொத்தானும் தெரியல மாமாவுக்கு."

பெட்டியைத் தூக்கினேன். ஒயர் பிய்த்துக்கொண்டு வந்தது. அவன் தலையில் இறக்கினேன். மறுபடியும் இறக்கினேன். ஒன்பது தையல். இடது காது அன்றோடு போனது. ஸ்விட்ச் வரை ரத்தம். சுவரைக் கழுவியவள் அவன் அக்கா.

இப்போது அவள்தான் கூப்பிட்டிருக்கிறாள். "அந்த அஞ்சாவது ஆட்டத்தை ஆடி முடிச்சுத் தொலைங்க. இந்தத் தடவை ரத்தம் பார்த்தேன், நான் அவன்கூடவே கிளம்பிடுவேன்." பையில் துணி எடுத்து வைத்துவிட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை.

மார்ச் 9, திங்கள்

இந்தக் கருவியில் ஒரு சிக்கல். இரண்டு பேர் ஆட வேண்டுமானால் ஒன்றையே இரண்டு பேரும் பிடிக்க வேண்டும். இடப்பக்கம் ஒருவன், வலப்பக்கம் ஒருவன். ஆளுக்கு ஐந்து பொத்தான்தான் வருகிறது. ஆட்டத்துக்கோ ஆறு வேண்டும். முன்னே, பின்னே, குத்து, உதை, தடுப்பு, கழுத்துமுறி.

"ஒண்ணை விட்டுடணும்பா" என்றாள் மகள்.

"உங்க மாமனை விட்டுடலாமா?"

அவள் சிரிக்கவில்லை.

தடுப்பை விடுவதா, கழுத்துமுறியை விடுவதா? கழுத்தை முறிக்க முடியாவிட்டால் அப்புறம் என்னத்துக்கு ஆடுவது?

மார்ச் 11, புதன்

"அமைப்புன்னு ஒரு பக்கம் இருக்கு. இப்பதான் படிக்கிறீங்களே, நீங்களே மாத்திக்குங்க" என்று விட்டுப் போனாள் மகள்.

விரல் வைத்துப் படித்தேன். முதல் ஆள், அதாவது நான். குத்து: சதுரம். உதை: வட்டம். ஒவ்வொன்றும் புரியப் புரிய வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த வரி: தடுப்பு: இல்லை.

கருவி கெட்டுப்போயிற்று என்று நினைத்தேன். மகள் வந்து பார்த்தாள். "இது அந்தப் பழைய அட்டையிலேர்ந்து வந்ததுப்பா. நீங்க கடைசியா மாத்தினது. கீழ தேதி இருக்கு பாருங்க."

அந்த ஞாயிறு. காலை 10.12.

அவன் வருவது பதினொன்றுக்கு. அதற்கு முன்னால் சத்தத்தைக் கூட்ட நான்தான் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன். திரை எதைக் கேட்டாலும் ஆமாம் போடுவேன். படிக்கத் தெரியாதவனுக்கு அது ஒன்றுதான் வழி. ஆமாம் போட்டால் போய்விடும்.

தடுப்பை நான்தான் எடுத்திருக்கேன். நானேதான். அவன் தொடவே இல்லை. ஒண்ணும் பண்ணாதவன் மண்டையை உடைச்சிருக்கேனே. காது போச்சே— இதைப் படிக்கத்தானா படிச்சேன்?

மார்ச் 12

ஒரு தட்டுத் தட்டினால் 'உண்டு' என்று ஆகிவிடும். தேதியும் இன்றைய தேதி ஆகிவிடும். மகள் வாயைத் திறக்க மாட்டாள்.

மார்ச் 13, வெள்ளி

தட்டினேன். "மாற்றத்தைச் சேமிக்கவா?" என்று கேட்டது. விரலை வைத்துக்கொண்டே வெகுநேரம் இருந்தேன். இல்லை போட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

உதடு வீங்கியிருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

கூடத்தில் தூக்கக்கூடிய சாமான் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் மனைவி அறையில் போட்டுப் பூட்டியிருந்தாள். மச்சானுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. யார் பேசினாலும் வலது காதைக் கொடுக்கிறான்.

"ரெண்டு பேருக்கு ஒரே சாமானா? ஒட்டி உட்காரணுமா? அடிக்க வசதிதான் மாமா."

அமைப்புப் பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்தேன். "படி."

படித்தான். தேதியை விரலால் தொட்டுப் பார்த்தான். "யார் படிச்சுச் சொன்னா?"

"நானே படிச்சேன்."

கருவியைத் தரையில் மெதுவாக வைத்தான். அப்புறம் குத்தினான். இடது தாடை. சுவரில் மோதி விழுந்தேன். எழுந்து நின்றேன். மறுபடி குத்தினான். குத்து வருவது நன்றாகத் தெரிந்தது. கையைத் தூக்கவில்லை.

அடுப்படியிலிருந்து ஓடி வந்த மனைவி ரத்தத்தைப் பார்த்தாள். பிறகு மூலையிலிருந்த பையைப் பார்த்தாள்.

"என் ரத்தம்தான். இதைக் கணக்கில சேர்க்காதே" என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவள் ஈரத்துணி கொண்டுவந்து என் மடியில் எறிந்தாள்.

மச்சான் வலது கையை உதறிக்கொண்டிருந்தான். "எலும்பு போயிடுச்சு போல."

பிடித்துப் பார்த்தேன். "போகலை. பிசகியிருக்கு. எலும்பு எனக்குத் தெரியும்."

ஆளுக்கு ஐந்து பொத்தான்தான் என்று சொல்லி, அமைப்பில் என் பொத்தான்களை மாற்றிச் சேமித்தேன். அவன் என் இடப்பக்கம் உட்கார்ந்தான். நல்ல காது என் பக்கம். "எதை விட்டீங்க?"

"கழுத்துமுறியை. தடுப்பு வச்சிருக்கேன்."

"எனக்குத் தடுப்பு வேண்டாம். கழுத்துமுறியை வைங்க."

நாற்பது நொடியில் என் கழுத்தை முறித்தான். தடுப்பை அமுக்க எனக்கு ஞாபகமே வரவில்லை.

மார்ச் 17

கடைவாய்ப் பல் ஆடுகிறது. மச்சானுக்குக் கையில் கட்டு. இடப்பக்கம் ஆட இடது கை போதும் என்கிறான். மனைவி பையிலிருந்த துணியை அலமாரியில் அடுக்கிவிட்டாள். அடுத்த ஆட்டம் ஞாயிறு பதினொரு மணிக்கு. தடுப்புப் பொத்தானுக்குச் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.