அம்மா கொடுத்தனுப்பிய தயிர்

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? இந்த வடநாட்டுக் குளிரிலும் நான் நன்றாகவே இருக்கிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

பெரிதாக ஒன்றுமில்லை. பண்டிகை விடுமுறையில் ஆய்வுக்கூட ஃப்ரீசர் பழுதாகி, தயிர் மாதிரிகள் எல்லாம் வீணாகிவிட்டன. போன வருடம் அம்மா கொடுத்தனுப்பிய தயிரும் போய்விட்டது. “இன்னாடி, படிக்கப் போற பொண்ணு தயிர தூக்கினு போற?” என்று சிரித்தாளே, அதுதான். அதில் ஏழு வகை பாக்டீரியா இருந்தன. நான் சேகரித்த வேறெந்த வீட்டுத் தயிரிலும் அத்தனை இல்லை.

“உங்க வீட்லேர்ந்து மறுபடி கொண்டு வந்துடும்மா” என்றார் பேராசிரியர். சரி என்றேன். அம்மா இறந்து நான்கு மாதமாகிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

நீங்கள் இப்போது பாக்கெட் தயிர்தான் வாங்குகிறீர்கள் என்று தெரியும். பசியாவரத்துச் செவ்வந்தி அத்தை அம்மாவிடம்தானே உறைமோர் வாங்கிப் போவார்? அவரிடம் ஒரு கரண்டி கேட்டு, நம் வீட்டுப் பாலில் ஊற்றி வையுங்கள். ஒரே உறைமோராக இருந்தாலும் வீட்டுக்கு வீடு பாக்டீரியா மாறிவிடும், அது அம்மாவின் தயிர் ஆகாது. ஆய்வில் அப்படி எழுதியவளே நான்தான்.

ஆனாலும் கேட்டுப் பாருங்கள், நைனா.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
அமுதவல்லி