தனியாகத் தவழ்ந்து வந்த கேப்டனுக்கு

தூந்திரா, ஐந்தாம் மேய்ச்சல் குழு
2 டிசம்பர் 1944

மரியாதைக்குரிய கேப்டன் லெவ் மத்வேயெவிச் அவர்களுக்கு,

மான் மேய்க்கும் யெகோரின் மனைவி அனீஸ்யா எழுதுவது. நீங்கள் நலமாக இருப்பது செய்தித்தாளில் வந்த படத்தைப் பார்த்தே தெரிந்தது. முகம் நன்றாகச் சதை பிடித்திருக்கிறது. இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் வழியில் தொலைந்துவிட்டன என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படி நினைத்தால்தான் எழுதக் கை வருகிறது.

இங்கே பனி சீக்கிரமே இறுகிவிட்டது. மான்கள் குளம்பால் எவ்வளவு தோண்டியும் பாசி கிடைக்காமல் மெலிந்து நிற்கின்றன. ஆண்கள் போர்முனையில் இருப்பதால் பெண்கள்தான் மந்தையைப் பார்க்கிறோம்.

உங்களுக்கு மறந்திருக்கலாம், அதனால் சொல்கிறேன். போன வருடம் பிப்ரவரியில், வழிதவறிய மான்களைத் தேடிப் போன யெகோர், பனியில் பாதி புதைந்து கிடந்த உங்கள் விமானத்தைக் கண்டார். குண்டடிபட்டு நீங்கள் விழுந்து அன்றோடு மூன்று நாள். நீங்கள் துப்பாக்கியை நீட்டி, "யாருடா நீ?" என்றீர்களாம். "என்னைச் சுட்டுட்டா உன்னை யாருப்பா தூக்கிட்டுப் போவா? உன் துப்பாக்கியா?" என்று இவர் கேட்டாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

உங்களையும் ரேடியோக்காரர் கொஸ்தியாவையும் எங்கள் கூடாரத்துக்குக் கொண்டுவந்தார். ஒன்பது நாள் புயல். எங்கள் சொந்த மான்களை எல்லாம் ராணுவ வண்டிகளுக்குக் கொடுத்திருந்தோம். இருந்தவை கூட்டுப்பண்ணையின் மான்கள். யெகோர் கத்தியை எடுத்தபோது, "பண்ணை மானுங்க. வேண்டாங்க, தலைக்கு வந்துடும்" என்று கையைப் பிடித்தேன். "செத்துக்கிட்டிருக்கிறவன்கிட்ட போய் அனுமதிச்சீட்டு வரட்டும்னு சொல்லவா?" என்றார்.

புயல் ஓய்வதற்குள் இரண்டு மான்களை அறுத்தார். சூடான ரத்தத்தைக் கிண்ணத்தில் நீட்டினேன். முதல் நாள் துப்பினீர்கள். இரண்டாம் நாள் நீங்களே கேட்டு வாங்கினீர்கள். உறைந்த கால்களை அப்போதுதான் உரித்த தோலில் சுற்றி வைத்தோம். கறுத்துப்போன இரண்டு விரல்களை நான்தான் வெட்டினேன். நீங்கள் என் தோளைக் கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது. கொஸ்தியா நான்காம் நாள் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே போய்விட்டார். புயல் ஓய்ந்ததும் ஆறு நாள் சறுக்குவண்டி ஓட்டி யெகோர் உங்களை விமானத்தளத்தில் சேர்த்தார். வழியில் வண்டி இழுத்த பண்ணை மான் ஒன்றும் செத்தது; அதோடு மூன்று. பிரியும்போது நீங்கள், "அண்ணே, உசுருள்ளவரைக்கும் உங்களை மறக்க மாட்டேன்" என்றீர்களாம்.

ஏப்ரலில் தேயிலை சுற்றி வந்த காகிதத்தில் உங்கள் படம். நெஞ்சில் பதக்கம். பதினெட்டு நாள் பனியில் தனியாகத் தவழ்ந்தீர்களாம், ரோந்துப்படை கண்டெடுத்ததாம். நான் படித்துச் சொன்னதும் யெகோர், "பத்திரிகைக்காரங்க அப்படித்தான் அளப்பாங்க. பாவம், அவரு என்ன பண்ணுவாரு" என்றார்.

மே மாதம் பண்ணைக் கணக்கில் மூன்று மான் குறைந்தது. படைக்கு ஒதுக்கிய இறைச்சியைத் திருடினார் என்று வழக்கு. விமானிகளுக்குக் கொடுத்தேன் என்று யெகோர் சொன்னார். விசாரணை அதிகாரி அதே செய்தித்தாளை மேசையில் போட்டார். "படிச்சுப் பாரு. இதுல உன் பேரு எங்க இருக்கு? நாட்டோட வீரனையே பொய்யனாக்கப் பாக்கறியா?" யெகோருக்குப் படிக்கத் தெரியாது. உங்கள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏழு வருடம் போட்டார்கள்.

விசாரணை நடக்கும்போதே முதல் கடிதத்தை உங்களுக்கு எழுதினேன். அப்போது நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் போதுமாயிருந்திருக்கும். அந்தக் கதையை நீங்கள் சொன்னீர்களா, உங்களைச் சொல்லவைத்தார்களா என்று நான் கேட்கவில்லை. பயம் எனக்கும் தெரியும். இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் வேறு யாரோ பிரித்துப் படிப்பார்கள் என்பதும் தெரியும். படிக்கட்டும்.

சிறைமுகாமுக்கு யெகோர் பேருக்கு அனுப்பிய கையுறைப் பொட்டலம், வாங்க ஆள் இல்லை என்று போன மாதம் பிரிக்காமலே திரும்பி வந்தது. அதனால் யெகோரை விடுவிக்கச் சொல்லி இனி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

கேட்பது வேறு. எங்கள் மகள் மார்ஃபா விடுதிப் பள்ளியில் படிக்கிறாள். அங்கே அவளைத் திருடன் மகள் என்கிறார்கள். அந்த இறைச்சியைச் சாப்பிட்டது நீங்கள் என்று அவளுக்கு ஒரு வரி எழுதுங்கள். கையெழுத்துக்கூட வேண்டாம்.

உங்களுக்குப் பிள்ளைகள் பிறக்கட்டும். அப்பா யார் என்று கேட்டால், அவர்கள் தலை குனியாமல் பதில் சொல்லட்டும்.

இப்படிக்கு,
யெகோர் தாய்பரேயின் மனைவி
அனீஸ்யா