சுருட்டையின் ஃபேஜ்

மார்ச் 4
மருத்துவமனையில் கிடக்கும் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் கால் புண்ணில் இருக்கும் பாக்டீரியா எந்த மருந்துக்கும் அசையவில்லை. அதைக் கொல்லும் வைரஸ், அதாவது ஃபேஜ், கிடைக்காவிட்டால் காலை எடுத்துவிடுவார்கள். மாதக்கணக்கில் நான் வளர்த்த ஃபேஜ் இன்று அதைத் தொடவே இல்லை. பாக்டீரியாவைச் சுற்றித் தடித்த பசை உறை. என்னுடையதற்கு ஒட்டிக்கொள்ள இடமில்லை.

மார்ச் 6
சுருட்டை — முடியைப் பார்த்து நாங்கள் வைத்த பேர் — போன மாதம்தான் எங்கள் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மருத்துவமனைச் சாக்கடைத் தண்ணீரில் தேடி ஒரு ஃபேஜைப் பிடித்துவிட்டாள். அது அந்தப் பசையையே பற்றிக் கரைத்து, மரபணுவை உள்ளே செலுத்தி, பெருகி, வெடித்து வெளியே வருகிறது. பாக்டீரியா வளர்த்த அவள் தட்டெல்லாம், அது செத்த இடங்களில் ஓட்டை ஓட்டையாகத் தெளிந்திருந்தது.
"அக்கா, வந்து பாருங்களேன்!"
பார்த்தேன். நல்லாயிருக்குன்னு சொன்னேன். வயிறு எரிஞ்சுது.

மார்ச் 11
அவள் ஃபேஜை விட்டதிலிருந்து புண் காய்கிறதாம். ஓட்டுநரின் மனைவி சுருட்டையின் கையைப் பிடித்து, "நீ நல்லாயிருக்கணும்மா" என்றாள். பக்கத்தில் நின்ற நான் யாராம்? தட்டு கழுவ வந்தவளா?

மார்ச் 12
அவள் சிரித்தாலே எரிச்சலாக வருகிறது.

மார்ச் 17
மறுபடி சீழ். அதை எடுத்து வளர்த்தால், அவள் ஃபேஜை ஊற்றியும் தட்டு நிறைய பாக்டீரியா. எனக்கு — எழுதவே கூசுகிறது — ஒரு நொடி இனித்தது.
அவள் அழுதாள். "காலை எடுத்துடுவாங்களாக்கா?"
தன் பேர் கெட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் மட்டும் ஏன் இப்படி?
பிறகுதான் உறைத்தது. அவளுடையதிடமிருந்து தப்பிக்க பாக்டீரியா உறையையே கழற்றிப் போட்டிருந்தால்? இப்போது மொட்டையாகத்தானே நிற்கும்? என் ஃபேஜை ஊற்றி வைத்தேன்.

மார்ச் 18
தட்டு பளிங்காகத் தெளிந்திருந்தது! உறையோடு இருந்தால் அவளுடையது கொல்லும், கழற்றினால் என்னுடையது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.
மருத்துவரிடம் அவளே ஓடினாள். "இது அக்கா கண்டுபிடிச்சது சார்."
நானாக இருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா? இதற்கும் அவள்மேல்தான் பொறாமை.

ஏப்ரல் 9
ஓட்டுநர் இரண்டு காலும் ஊன்றி நடந்தார். அவர் மனைவி இன்றும் சுருட்டையின் கையைத்தான் பிடித்தாள். கொஞ்சம் குத்தியது. கொஞ்சம்தான்.

ஏப்ரல் 23
பெரிய ஆய்வகத்திலிருந்து ஒருவர் வந்தார். சுருட்டையைத் தங்களிடம் அனுப்ப முடியுமா என்றார்.
"அதெல்லாம் முடியாதுங்க, அவ எங்க பொண்ணு" — வாய் முந்திக்கொண்டது. அவளை ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை.