சனிக்கிழமை வகுப்பு

மேல்பட்டாம்பாக்கம்,
ஆவணி, ஞாயிறு மதியம்.

அன்புத் தம்பி செம்பியனுக்கு,

அக்கா மலர்க்கொடி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ அங்கே நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது அக்காவுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். ஒற்றை அறை வீட்டில் என்ன பேசினாலும் நம் பெண் இசைவாணி காதில் விழும். கலியமூர்த்தி மகள் ஸ்ரீமதி உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறாள். வறுத்த முந்திரியோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

உன் மச்சானுக்கு இடுப்பு வலி அப்படியேதான் இருக்கிறது. வைத்தியம் பார்க்கச் சொன்னால் என்னிடம் எரிந்து விழுகிறார்.

காலேஜில் சேர நீ வழி சொல்லிக்கொடுக்கும் சனிக்கிழமை வகுப்பின் படம் அனுப்பியிருந்தாயே, பார்த்தோம். ஸ்பானிஷ் பேசும் குடும்பத்துப் பிள்ளைகள், வீட்டில் முதல் ஆளாகக் காலேஜ் போகிறவர்கள் என்று எழுதியிருந்தாய். உங்கள் கம்பெனியும் அங்குள்ள சர்ச்சும் ஒரு காலேஜும் சேர்ந்து நடத்துகிறார்களாமே. எனக்கு நீ படித்த நம் மாதா கோயில் கூடம்தான் ஞாபகம் வந்தது. சாமியார் இடம் கொடுத்தார், முந்திரி வியாபாரிகள் சுண்டலும் ட்யூப்லைட்டும் கொடுத்தார்கள், சிதம்பரத்திலிருந்து காலேஜ் பிள்ளைகள் வந்து சொல்லிக்கொடுத்தார்கள். உன்னைக் கவுன்சலிங்குக்குக் கூட்டிப்போன தமிழ்மணி சார், சீட்டு உறுதியாகும்வரை உன் பக்கத்தைவிட்டு நகரவில்லை. இப்போது ஒருவரும் இல்லை. சாமியார் மாறிப்போனார், அந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். கூடத்தில் கல்யாணப் பாத்திரம் அடுக்கியிருக்கிறது.

இசைவாணி உன்னிடம் படிக்க இஷ்டமில்லை என்று சொன்னாளே, அது ரோஷத்தில் சொன்னது. சிதம்பரம் காலேஜில் இடம் ஒதுக்கியாச்சு என்று சனிக்கிழமை செய்தி வந்ததும் தெருவுக்கே லட்டு கொடுத்தோம். இன்னும் ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்கத்தான் சாயங்காலம் உனக்குப் போன் போட்டாள். வகுப்பில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று செய்தி அனுப்பினாய். மறுநாள் திருவதிகைக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். ராத்திரி நீ கூப்பிட்டபோது, இருந்த சந்தோஷத்தில் எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. நீயும் வாழ்த்திவிட்டு வைத்துவிட்டாய்.

திங்கட்கிழமை பெட்டி படுக்கையோடு சிதம்பரம் போய் இறங்கினோம். அந்த இடம் வேணும்னு கம்ப்யூட்டர்ல நீங்க உறுதி பண்ணலியே, நேத்து சாயங்காலமே கெடு முடிஞ்சிபோச்சே என்றார் ஆபீசில் இருந்தவர். உன் மச்சான் அவர் காலில் விழப் போனார். இவள்தான் பிடித்து இழுத்தாள்.

இப்போது விடியற்காலையில் இறால் கம்பெனி வேன் ஏறிப் போகிறாள். ஐஸில் கை வைத்து விரலெல்லாம் வெளுத்துவிட்டது. அந்த இறால் அமெரிக்காவுக்குத்தான் வருகிறதாம், உன் தட்டுக்கு வந்தாலும் வரும்.

காசு கட்டி வேறெங்காவது சேர்க்கிறேன் என்பாய். நானும் கேட்டுப் பார்த்தேன். மார்க்குக்குக் கெடச்சதையே காப்பாத்தத் தெரியல, எனக்கெல்லாம் எதுக்கும்மா காலேஜு என்கிறாள்.

நீ அனுப்பியது அந்தச் சனிக்கிழமை எடுத்த படம். அதைப் பெரிதாக்கி, உன் பின்னால் பலகையில் நீ எழுதியிருந்ததை எனக்குப் படித்துக் காட்டினாள். இடம் கிடைத்ததும் வேண்டும் என்று உடனே உறுதி செய்யுங்கள், கெடுவைத் தவறவிடாதீர்கள் என்று இருந்ததாம். மாமா தெளிவாத்தாம்மா சொல்லிக் கொடுத்திருக்காரு என்றாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

வகுப்பை நிறுத்திவிடாதே. அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் எங்களைப்போல ஒன்றும் தெரியாமல்தானே இருக்கும். அவர்களாவது கரையேறட்டும்.

இவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு. அன்றைக்குக் கூப்பிடு. உன் பெயரைப் பார்த்தால் எடுக்க மாட்டாள். எடுக்கிறவரைக்கும் அடி.

நீ நல்லா இரு, சாமி.

உன் அக்கா,
மலர்க்கொடி