அதிர்ஷ்டசாலிச் சமையல்காரன்

அன்புள்ள மகனுக்கு,

உன் அம்மா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் பதறியிருப்பாய். யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நின்றுகொண்டே படிக்காமல் ஓரமாக உட்கார்ந்து படி. நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. ஆஸ்பத்திரித் துணி அறைக்கு இன்னும் வாரத்தில் மூன்று நாள் போகிறேன். புதிதாக வந்திருக்கும் சலவை இயந்திரம் டாக்டர்களின் கோட்டுப் பொத்தான்களை எல்லாம் தின்றுவிடுகிறது. நாள் முழுக்கப் பொத்தான் தைப்பதுதான் என் வேலை. முழங்கால் வலிக்கிறது. அதை எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முழங்காலுக்கே போதாது, விடு. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. வீடு அதே வீடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள். உன் வயதுதான் இருக்கும். ஏதோ விற்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, "ஒண்ணும் வேணாம்மா" என்று கதவைச் சாத்தப் போனேன். நகர நூலகத்தில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். பிறகு உன் அப்பா வேலை பார்த்த கப்பலின் பெயரைச் சொன்னாள். கதவைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. இந்த வீட்டில் அந்தப் பெயரைக் கேட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடைசியாகச் சொன்னது நீதான்.

மறந்திருக்க மாட்டாய். உனக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தாய். காணாமல் போன கப்பல்கள், ஆளே இல்லாமல் மிதந்த படகுகள், உலகத்தில் ஒரே பிரதி மட்டும் மிஞ்சிய நூல்கள் என்று சரித்திர விந்தைகளாக அடுக்கிய புத்தகம். அதில் நம் கப்பலுக்கு ஒன்றரைப் பக்கம். துறைமுகத்தை விட்டுப் போனது, இருபத்தாறு பேரோடு மறைந்தது, ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. கடைசிப் பத்தி உன் அப்பாவைப் பற்றியது. கப்பல் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு கணக்கு முடித்துக்கொண்டு இறங்கிப்போன அதிர்ஷ்டசாலிச் சமையல்காரன், அதன் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை என்று போட்டிருந்தது. பையன்கள் உன்னை "அதிர்ஷ்டம், அதிர்ஷ்டம்" என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். நீ அந்தப் பக்கத்தை என் முகத்துக்கு நேரே பிடித்து, "உன் வாய்க்குப் பயந்துதாம்மா அவரு போயிட்டாரு" என்றாய். நான் அறைந்தேன். இரண்டு வருஷம் கழித்து நீயும் போய்விட்டாய்.

ஏன் அறைந்தேன் என்று உனக்குத் தெரியாது. சொல்கிறேன், கேள். நீ சொன்னது உண்மை என்று நானும் நம்பினேன். உன் அப்பாவுக்கு நான் கடைசியாக எழுதிய கடிதம் அப்படி. பதினொரு மாதம் வீட்டுக்கு வரவில்லை. உனக்கு டைபாய்டு வந்து தேறியதுகூட அவருக்குத் தெரியாது. நான் ஆத்திரத்தில், "கடல்தான் உங்களுக்குப் பெண்டாட்டி என்றால் அங்கேயே குடித்தனம் நடத்துங்கள். இங்கே வர வேண்டாம்" என்று எழுதிப் போட்டேன். அது போய்ச் சேர்ந்த வாரத்தில்தான் அவர் கப்பலை விட்டு இறங்கினார் என்று கம்பெனியில் சொன்னார்கள். "உங்க வீட்டுக்காரர் பேர் பட்டியலில் இல்லைம்மா, சந்தோஷப்படுங்க" என்றார் அங்கிருந்த குமாஸ்தா. சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். இன்று வருவார், நாளை வருவார் என்று வாசலைப் பார்த்தேன். வரவில்லை. அப்போது அந்தக் கடிதத்தில் எழுதியது ஞாபகம் வந்தது. இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த நூலகப் பெண்ணை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவள் சொன்னதை உனக்குப் புரிகிறபடி எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் மாலுமிகள் படிப்பதற்காகப் புத்தகப் பெட்டிகள் இருந்தன. ஒரு கப்பலுக்கு ஒரு மரப்பெட்டி, நாற்பது புத்தகம். துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் பக்கத்தில் நங்கூரம் போட்டு நின்றால், படகு இறக்கிப் பெட்டியை மாற்றிக்கொள்வார்களாம். நாம் பக்கத்து வீட்டோடு பாத்திரம் மாற்றிக்கொள்வதுபோல. எந்தத் தேதியில் எந்தக் கப்பலிடமிருந்து வாங்கியது என்று மூடியின் உள்பக்கம் எழுதிவிடுவார்கள். அப்படிக் கப்பல் கப்பலாகச் சுற்றிய பெட்டிகளில் மிஞ்சியதை எல்லாம் நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். இவள்தான் பிரித்து அடுக்குகிறவள்.

ஒரு பெட்டியின் மூடியில் நம் கப்பலின் பெயர் இருந்தது. உள்ளே பாதிக்கு மேல் துப்பறியும் நாவல்கள். அதில் பதினொரு புத்தகத்தில் கடைசித் தாளில் ஒரே கையெழுத்து. "பக்கம் 88-இல் கண்டுபிடித்துவிட்டேன். டாக்டர்தான்." "பக்கம் 140. கொஞ்சம் தாமதம். தோட்டக்காரன்." ஒவ்வொன்றுக்கும் கீழே தேதி, ஒரு கரண்டிப் படம்.

உனக்கு இப்போது யாரென்று தெரிந்திருக்கும். லீவில் வரும்போது உன் அப்பா, நீ பாதி படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தை எடுத்துக் கொலைகாரன் யாரென்று எழுதிவைத்துவிடுவார். நீ இரண்டு நாள் பேசமாட்டாய். பிறகு நீயும் உன் நோட்டுப் புத்தகத்தில் எல்லாம் கரண்டி போட ஆரம்பித்து, கணக்கு வாத்தியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

அந்தப் பெண் பையிலிருந்து ஒரு நகலை எடுத்து மேசைமேல் வைத்தாள். கண்ணாடியைத் தேட எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அது தலையில்தான் இருந்தது. அதில் இருந்ததை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன்.

"அடுத்து இதைப் படிக்கும் நண்பருக்கு. பக்கம் 64. மருமகன்தான். அவசரமாகப் படித்தேன், பெட்டி இப்போது எதிர்க் கப்பலுக்குப் போகிறது. பதினாறாம் தேதி நான் இறங்கிவிட்டேன். வீட்டுக்காரி ஒரு கடிதம் போட்டிருந்தாள், படித்தால் காகிதமே சுடும். அவளுக்கு இவ்வளவு கோபம் வந்தால் மனசு என்னைத் தேடுகிறது என்று அர்த்தம். மூட்டையைக் கட்டிவிட்டேன். மாற்றுச் சமையல்காரன் வரவில்லை. இருபத்தாறு வயிறு காய்கிறது, அடுத்த துறைமுகம் வரைக்கும் வா என்று கேப்டன் படகு அனுப்பினார். ஏறிவிட்டேன். அங்கிருந்து வீட்டுக்கு இன்னும் கிட்ட. பையனுக்கு இந்த மருமகன் கதையைச் சொல்லப் போவதில்லை, அவனே கண்டுபிடிக்கட்டும்."

தேதி பத்தொன்பது. கரண்டி. கப்பல் இருபதாம் தேதி காலையில் கிளம்பியது.

அப்படியானால் பட்டியலில் ஏன் பெயர் இல்லை என்று கேட்டேன். அவள் அதையும் விசாரித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். பதினாறாம் தேதியே துறைமுகத்தில் ஆள் பட்டியலை மூடிவிட்டார்கள். மூடிய பிறகு யாராவது ஏறினால், அவர் பெயர் எழுதிய தாளைக் கப்பலே எடுத்துக்கொண்டுபோய் அடுத்த துறைமுகத்தில் கொடுக்க வேண்டும். அதுதான் அன்றைய வழக்கம். கப்பல் அடுத்த துறைமுகத்துக்குப் போகவில்லை. தாளும் போகவில்லை. அவ்வளவுதான், கண்ணு. முப்பத்தொரு வருஷம் நாம் பட்டதெல்லாம் ஒரு தாள் போய்ச் சேராததால்.

அவள் போன பிறகு நான் அழுதேன் என்று நினைப்பாய். இல்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தினமும் திட்டிக்கொண்டிருந்த ஆளுக்குத் திடீரென்று எப்படி அழுவது? அவருக்கு எங்கேயோ இன்னொருத்தி இருக்கிறாள் என்று நினைத்து அவளை எத்தனை விதமாகப் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷம் குண்டாக இருப்பாள், ஒரு வருஷம் ஒல்லியாக. குரல் மட்டும் எப்போதும் மெதுவாக இருக்கும். பாவம், அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஓடிப்போனவராக இருந்தவரைக்கும் அவர் எங்கேயோ உயிரோடு இருந்தார். எழுபது வயதாகியிருக்கும், முடி கொட்டியிருக்கும், யாருக்கோ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். வீட்டை மாற்று என்று எல்லாரும் சொன்னபோதும் நான் மாற்றாததற்கு அதுதான் காரணம். திட்டுவதற்காவது அவர் வந்து நிற்க ஒரு வாசல் வேண்டும் அல்லவா? போன செவ்வாய்க்கிழமைதான் அவர் செத்துப்போனார்.

அழுகை வியாழக்கிழமை வந்தது. துணி அறையில், ஒரு கோட்டில் பொத்தான் வைத்துக்கொண்டிருக்கும்போது. இரண்டு பொத்தானைத் தலைகீழாகத் தைத்திருக்கிறேன்.

அந்தக் கப்பலின் எஞ்சினியர் மனைவியை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? முதல் வருஷம், துறைமுகச் சுவரில் பெயர்க்கல் வைத்த அன்று, உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் போனேன். "உனக்கென்ன, உன் புருஷன் உயிரோட இருக்கான், நீ ஏன் இங்க வந்து நிக்கிறே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். திரும்பி வந்துவிட்டோம். நூலகப் பெண் அவளிடமும் போய்ச் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கோலூன்றிக்கொண்டு வந்தாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்தாள். கிளம்பும்போது, "அப்படின்னா என் வீட்டுக்காரர் கடைசி நாள்வரைக்கும் வயிறாரச் சாப்பிட்டிருப்பார்" என்றாள். அதைச் சொல்லத்தான் வந்தாளோ என்னவோ.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. துறைமுக அலுவலகத்தில் பட்டியலைத் திருத்த ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கல்லிலும் கீழே இடம் இருக்கிறது, இருபத்தேழாவது பெயரை வெட்டித் தருவார்களாம். அதற்கு ஒரு படிவம். மனைவி ஒரு கையெழுத்து, பிள்ளை ஒரு கையெழுத்து. என்னுடையதைப் போட்டுவிட்டேன். அதற்குக் கீழே ஒரு வரி காலியாக இருக்கிறது.

படிவத்தை இந்தக் கடிதத்தோடு வைக்கவில்லை. மறந்துபோய் அல்ல. தபாலில் அனுப்பி வாங்கினாலும் போதும் என்றுதான் அங்கே சொன்னார்கள். உன்னிடம் பொய் சொல்ல வேண்டாம் என்று அதையும் எழுதிவிட்டேன். ஆனாலும் அது நீ படித்த மேசையின் இழுப்பறையில்தான் இருக்கிறது. அந்த மருமகன் கதைப் புத்தகத்தையும் நூலகத்தில் தனியாக எடுத்துவைத்திருக்கிறார்கள். வெளியே தரமாட்டார்களாம், அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். கொலைகாரன் யாரென்று நானும் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள். இந்த வீட்டில் யாருக்கும் அதை மறைக்கத் தெரியவில்லை.

நீ அன்று சொன்னதில் பாதி சரி. என் வாய் பொல்லாதது. ஆனால் அவர் அதற்குப் பயந்து போகவில்லை, அதைக் கேட்கத்தான் வந்துகொண்டிருந்தார். உன்னை அறைந்த கையால்தான் இதை எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடிக்கொள். எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். ஒரு தடவை ஒரு கடிதத்தில் "வர வேண்டாம்" என்று எழுதினேன். அதற்குப் பிறகு பயந்துபோய் யாருக்கும் கடிதமே எழுதவில்லை, உனக்குக்கூட. இப்போது எழுதுகிறேன்.

வா, கண்ணு.

உன் அம்மா