மருதாணிக்கு வச்ச வெறும் சட்டி

ஜூலை 1, செவ்வாய்

விடியவே மழை. முழங்கால் குடைச்சல். மாடியில செம்பருத்தி ரெண்டு. படம் எடுத்து வாட்ஸ்அப் செடிக் குரூப்புல போட்டேன். அங்கே எல்லாம் மலையாள எழுத்து, எனக்குப் படிக்க வராது. மருமகள் ஷாஹினாதான் சாயா போட்டுக்கிட்டே வாசிச்சுச் சொல்லுவா. நான் படம் மட்டும்.

நாத்தனார் ஜமீலாவும் ஒரு படம் போட்டிருந்தா. ஊருக்கு அந்தப் பக்கம் அவ காக்கநாட்டு ஃப்ளாட், பால்கனி, மருதாணி. பார்த்ததும் தெரிஞ்சது. அடியில ரெண்டாப் பிரிஞ்சு ஒரு கொம்பு வளைஞ்சிருக்கும். மாமியார் இங்கே வச்ச செடி. என் கல்யாணத்துக்கு அரைச்சது அதுலதான். அவங்க மவுத்தாகி நாப்பதாம் நாள் ஓதின மறுநாளே வேரோட தோண்டிட்டுப் போனவ. ஒரு வார்த்தை கேக்கல. பச்சைச் சேலை கட்டியிருந்தா. அன்னையிலிருந்து பேச்சில்லை.

ஜூலை 3, வியாழன்

டிசம்பர்ல பேத்தி நிக்காஹ். கடையில மருதாணிக் கோன் வாங்கிக்கலாம்ங்கிறா. இப்ப அந்தச் செடியோட கொம்பை நட்டாத்தான் அதுக்குள்ள ஒரு கைக்காவது இலை வரும். ஜமீலாகிட்ட வாய்விட்டுக் கேக்க மாட்டேன்.

சட்டியில மண் ரொப்பி, அதை மட்டும் படம் எடுத்துப் போட்டேன்.

"மாமி, இதுல செடியே இல்லியே"ன்னா ஷாஹினா.

"தெரியும்."

குரூப்புல ஒருத்தி, செடி எவிடே, எங்கேன்னு கேக்குறாளாம். ஒரு சேட்டன் கள்ளிச்செடி தரேன்றாராம். யாருக்கு வேணும். ஜமீலாவும் பார்த்துட்டான்னு ஷாஹினா போன்ல தட்டிக் காட்டினா.

ஜூலை 6, ஞாயிறு

ஜமீலா மகன் வந்தான். கையில ஈரத்துணி சுத்தின மருதாணிக் கொம்புகள்.

"உம்மா கொடுத்துச்சு மாமி."

"ஏன், அவளுக்கு வழி மறந்துபோச்சா?"

"வந்தா கதவைத் திறப்பீங்களான்னு கேட்டுட்டு வரச் சொல்லுச்சு."

அவளுக்குத் திமிர் குறையல. சாயா கொடுத்தேன், குடிச்சான். பதில் சொல்லி அனுப்பல. சாயங்காலம் நட்டேன். இடுப்பு போச்சு.

ஜூலை 20, ஞாயிறு

அலுப்பு. மாடி ஏறல. ஷாஹினா பார்த்துட்டு வந்தா. ஒரு கொம்புல தளிர், மத்ததெல்லாம் கறுத்துப்போச்சு.

"குரூப்புல போடட்டுமா மாமி? பாவம், கொம்பு கொடுத்தவங்க தினமும் பார்த்துக்கிட்டு இருப்பாங்க."

"போடாதே."

போட்டா நன்றி சொன்ன மாதிரி ஆயிடும்.

ஜூலை 22, செவ்வாய்

மழை விட்டிருக்கு. மீன் நல்லால்லை. மதியம் போன். ஜமீலா. குரல் கிழடு தட்டிப்போச்சு.

"கொம்பு வேர் பிடிச்சுதா மதினி?"

"ம்."

"ஒரு படம் அனுப்புங்களேன்."

"படமெல்லாம் இல்லை. வந்து பாரு."

போனை வச்சுட்டேன். சட்டியைக் கீழே வாசலுக்கு இறக்கச் சொன்னேன். அவளால இந்த மாடிப்படி ஏற முடியாது.